பறந்தவர்களும் பறக்கவிட்டவர்களும்: 'ஃபிளையிங் டைகர்ஸ்' நினைவுக் கண்காட்சி அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் நூலகத்தில் இரண்டாம் உலகப் போர் பற்றி ஒரு சின்னக் கண்காட்சி வைத்தேன். அதில் ஒரு சுவர் முழுக்க, 1941-42இல் ரங்கூன் வானத்திலும் சீன வானத்திலும் சண்டையிட்ட அமெரிக்கத் தன்னார்வ விமானிகள். சுறா வாய் வரைந்த விமானம், அதன் முன்னால் தொப்பியைச் சரித்துப் போட்டுச் சிரிக்கும் இளைஞர்கள், பக்கத்தில் யார் எத்தனை விமானம் வீழ்த்தினார் என்ற பட்டியல். விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. இதுக்கெல்லாம் ஸ்பேனர் புடிச்சவன் எங்க?"

சுவரில் அப்படி ஒருவர்கூட இல்லை. அன்று இரவே பாதிப் படங்களை இறக்கிவிட்டேன். அந்தச் சுவரைத் திரும்பக் கட்டியபோது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியிலோ கல்லூரியிலோ நூலகத்திலோ இப்படி ஒரு நினைவு நிகழ்ச்சி வைக்க நினைப்பவர்களுக்கு உதவும்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு அமெரிக்க விமானிகளை ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. இந்தப் பக்கத்து வீடுகளின் தூணைத் தொட்டுப் பாருங்கள், பர்மா தேக்கு. அந்த ரங்கூனில் குண்டு விழுந்த நாளில் மேலே பறந்து மறித்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்வதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

படி 1: யாரைச் சொல்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'ஃபிளையிங் டைகர்ஸ்' என்று அழைக்கப்பட்ட இந்தப் படையின் முறையான பெயர் அமெரிக்கத் தன்னார்வக் குழு. அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவில் கேப்டனாக ஓய்வு பெற்ற கிளேர் ஷெனால்ட், 1937இல் சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் ஆலோசகராகச் சீனா போனார். அவர் முயற்சியில் 1941இல் அமெரிக்க ராணுவம், கடற்படை, மரைன் படை ஆகியவற்றிலிருந்து சுமார் 100 விமானிகளும் சுமார் 200 தரைப் பணியாளர்களும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து சேர்ந்தார்கள். மூன்று ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள். பயிற்சி பர்மாவின் டாங்கூவில். முதல் சண்டை 1941 டிசம்பர் 20, சீனாவின் குன்மிங் நகர் மேல். கலைக்கப்பட்டது 1942 ஜூலை 4. களத்தில் இருந்தது ஏழு மாதத்துக்கும் குறைவு.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ஃபிளையிங் டைகர்ஸ்' என்ற பெயரை அதன் பிறகு வந்த 23ஆவது ஃபைட்டர் குரூப்பும், ஷெனால்ட்டே தலைமை ஏற்ற 14ஆவது விமானப்படையும் தங்களுக்கும் வைத்துக்கொண்டன. அவர்களும் மதிக்கத்தக்கவர்களே. ஆனால் அவர்கள் சீருடையில் இருந்த வழக்கமான ராணுவத்தினர். தன்னார்வக் குழுவிலிருந்து 23ஆவது குரூப்புக்கு அப்படியே போன விமானிகள் ஐந்தே பேர். இணையத்தில் கிடைக்கும் படத்தின் அடியில் '1944' என்று இருந்தால் அது உங்கள் சுவருக்குரிய படம் அல்ல.

இன்னொன்று. தமிழ்ச் செவிக்குப் 'பறக்கும் புலிகள்' என்றதும் வேறொரு படைதான் நினைவுக்கு வரும். மொழிபெயர்க்கிறேன் என்று போய், அழைப்பிதழைப் பார்த்தவர்கள் தொலைபேசியில் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். 'அமெரிக்கத் தன்னார்வ விமானக் குழு, 1941-42' என்று போட்டுவிடுங்கள்.

படி 2: விமானியிலிருந்து அல்ல, விமானத்திலிருந்து தொடங்குங்கள்

என் இரண்டாவது சுவரின் நடுவில் ஒரே ஒரு விமானத்தின் பெரிய படம்: கர்ட்டிஸ் பி-40, டொமஹாக் வகை. படத்தின் ஒவ்வொரு பாகத்திலிருந்தும் ஒரு நூலை இழுத்து, அந்தப் பாகத்தைப் பார்த்துக்கொண்ட ஆளின் வேலையை எழுதி ஒட்டினேன். பள்ளிப் பிள்ளைகள் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த நூல்களைத்தான் விரல் வைத்துத் தொடர்ந்தார்கள்.

முதல் நூல் மூக்குக்குப் போகிறது. அங்கே அரை அங்குல விட்டமுள்ள குண்டுகளைச் சுடும் இரண்டு துப்பாக்கிகள். அவை சுழலும் புரொபெல்லரின் இடைவெளி வழியாகச் சுட வேண்டும். இன்ஜின் சுழற்சியோடு துப்பாக்கியின் சுடுகணத்தைப் பொருத்துவது ஆயுதப் பணியாளரின் வேலை. அந்தப் பொருத்தம் பிசகினால் விமானி தன் புரொபெல்லரைத் தானே சுட்டுக்கொள்வார். இறக்கைகளில் இன்னும் நான்கு சிறிய துப்பாக்கிகள். மூக்கில் இருப்பதற்கான குண்டு இவற்றுக்குப் பொருந்தாது. வரிசையாகக் கோத்த குண்டுப் பட்டைகளை ஒவ்வொரு முறையும் மடித்து அடுக்க வேண்டும். ஒரு குண்டு கோணலாக இருந்தாலும் வானத்தில் துப்பாக்கி அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது நூல் விமானி அறைக்கு. இந்த விமானங்கள் வந்தபோது ராணுவ ரேடியோ கிடையாது, சரியான குறிபார்க்கும் கருவியும் கிடையாது. அமெரிக்க அரசு தர வேண்டிய உபகரணங்கள் வாங்கியதில் சேரவில்லை. பொழுதுபோக்குக்குச் சிறு விமானம் ஓட்டுபவர்கள் வைத்துக்கொள்ளும் ரேடியோவைப் பொருத்தி, குறிபார்க்கும் ஏற்பாட்டை அங்கேயே ஒப்பேற்றினார்கள். சண்டையில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட முடிந்தது என்றால் அது ரேடியோ ஆளின் கைவேலை.

மூன்றாவது நூல் இன்ஜினுக்கு. திரவத்தால் குளிரூட்டப்படும் 12 சிலிண்டர் ஆலிசன். மாற்று உதிரிப்பாகங்கள் எப்போதும் போதாது. விழுந்து நொறுங்கிய விமானத்தைத் தேடிப்போய், அதிலிருந்து கழற்றி இதில் மாட்டுவார்கள். டின்னிலும் பீப்பாயிலும் வந்த பெட்ரோலைத் தண்ணீரும் துருவும் போக வடிகட்டி ஊற்றுவார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு குரூ சீஃப், அதாவது அதன் தலைமை மெக்கானிக். விமானி மாறுவார், விமானம் அவர் பொறுப்பு. விமானம் திரும்பி வரும் நேரம் தாண்டினால் வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவரும் அவர்தான்.

சுறா வாயைப் பற்றியும் ஒரு சீட்டு வையுங்கள், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அது இவர்கள் கண்டுபிடித்தது அல்ல. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் 112ஆவது ஸ்குவாட்ரன் வரைந்ததைப் படத்தில் பார்த்து வரைந்தார்கள். அந்த ஸ்குவாட்ரனோ ஜெர்மன் விமானங்களைப் பார்த்து வரைந்தது. இறக்கை முளைத்த புலிச் சின்னத்தை வரைந்து கொடுத்தது வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ. புலி என்று பெயர், முகத்தில் சுறா.

படி 3: சம்பளத்தை மறைக்காதீர்கள்

பார்வையாளர்களில் ஒருவராவது கேட்பார்: "காசு வாங்கினவங்கதானே, கூலிப்படைதானே?" பதில் சுவரிலேயே இருக்கட்டும்.

ஆம், வாங்கினார்கள். ஒரு வருட ஒப்பந்தம். சாதாரண விமானிக்கு மாதம் 600 டாலர், ஸ்குவாட்ரன் தலைவருக்கு 750. ராணுவத்தில் அவர்கள் வாங்கியதைவிட மிக அதிகம். வீழ்த்திய ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் தனி. காகிதத்தில் அவர்கள் ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் ஊழியர்கள். கப்பலில் போகும்போது பாஸ்போர்ட்டில் விவசாயி, மதபோதகர் என்றெல்லாம் தொழில் எழுதியிருந்தது.

அந்த 500 டாலர் விமானிக்கு மட்டுமே என்பதையும் எழுதுங்கள். துப்பாக்கியைப் பொருத்தியவருக்கு அதில் பங்கில்லை.

1942 ஏப்ரலில், தாழ்வாகப் பறந்து தரை இலக்குகளைச் சுடும் வேலைகள் வீண் உயிர்ப்பலி என்று சொல்லி, இருபதுக்கும் மேற்பட்ட விமானிகள் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். இதை எழுதினால் அவர்கள் பெருமை குறைந்துவிடும் என்று என் நண்பர் ஒருவர் தடுத்தார். நான் எழுதினேன். பயந்தவர்கள், கோபப்பட்டவர்கள், கணக்குப் பார்த்தவர்கள் அடுத்த நாள் காலையில் திரும்பவும் பறந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மறுபக்கமும் வையுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும், புதியவர்கள் வரும்வரை இன்னும் இரண்டு வாரம் இருங்கள் என்று ஷெனால்ட் கேட்டபோது சிலர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஜான் பெட்டாக். குழுவில் இருந்த இரண்டு பெண் செவிலியர்களில் ஒருவரான எம்மா ஃபாஸ்டரை அந்த ஆண்டுதான் மணந்திருந்தார். கூடுதலாகத் தங்கிய அந்த நாட்களில், ஜூலை 10 அன்று கொல்லப்பட்டார்.

படி 4: எண்களைக் குறைத்தே எழுதுங்கள்

இந்தக் குழு வீழ்த்தியதாக அங்கீகரிக்கப்பட்ட எண்ணிக்கை கிட்டத்தட்ட 300. ஜப்பானியப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் உறுதி செய்கிறார்கள். யாரும் பொய் சொன்னதாக இதற்குப் பொருள் இல்லை. ஒரே விமானத்தை இரண்டு பேர் சுடுவார்கள், புகைந்துகொண்டு கீழே போனது எங்கோ போய் இறங்கிவிடும். எல்லா நாட்டு விமானப்படைகளிலும் இப்படித்தான். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதினால் போதும்.

'அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே இவர்கள் ஜப்பானோடு சண்டையிட்டார்கள்' என்பது அடிக்கடி வரும் இன்னொரு தவறு. அவர்கள் சேர்ந்தது அதற்கு முன். முதல் சண்டை, ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கி அமெரிக்காவைப் போருக்குள் இழுத்து, ஆசியத் தேதிக் கணக்கில் 12 நாள் கழித்து.

படி 5: படத்தில் இல்லாதவர்களுக்கு ஒரு பலகை

குன்மிங்கில் விமானங்கள் நேரத்துக்கு மேலேறியதற்குக் காரணம் ரேடார் அல்ல. அது அங்கே கிடையாது. மலைகளிலும் ஊர்களிலும் தொலைபேசியோடும் ரேடியோவோடும் உட்கார்ந்திருந்த சீனர்கள், எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை விமானம் சத்தம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த வலைதான் கண். ஓடுதளங்களைப் போட்டவர்கள், கல்லைக் கையால் உடைத்து, பெரிய கல் உருளையை நூற்றுக்கணக்கில் சேர்ந்து இழுத்த கிராமத்து ஆண்களும் பெண்களும். வானத்திலிருந்து விழுந்த விமானியைக் காப்பாற்றியவர்களும் அவர்களே: விமானியின் மேலங்கி முதுகில் தைத்த துணியில், 'சீனாவுக்கு உதவ வந்த வெளிநாட்டவர், ராணுவத்தினரும் மக்களும் இவரைக் காப்பாற்றுங்கள்' என்று சீன எழுத்தில் இருக்கும். (அசல் என்று சொல்லி அந்தத் துணியை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். போலிகள் ஏராளம். அச்சிட்ட படம் போதும்.)

ரங்கூனுக்கு ஒரு மூலை. 1941 டிசம்பர் 23இலும் 25இலும் ஜப்பானியர் குண்டு வீசியபோது, தன்னார்வக் குழுவின் மூன்றாவது ஸ்குவாட்ரனும் பிரிட்டிஷ் 67ஆவது ஸ்குவாட்ரனும் சேர்ந்து எதிர்த்தன. 67இல் பறந்தவர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்துக்காரர்கள். அவர்கள் ஓட்டிய பஃபலோ விமானம் பி-40ஐவிட மோசம். அமெரிக்கர்களின் வெளிச்சத்தில் இவர்கள் மறைந்துபோனார்கள். அன்றைய ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத் தொழிலாளர்கள் கும்பல் கும்பலாக ஊரைவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடை அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் தாண்டியது. உங்கள் ஊரில் 'பர்மாவிலிருந்து நடந்து வந்த' குடும்பம் இருந்தால், விரும்பினால் அவர்கள் வீட்டுப் பழைய படம் ஒன்றை அனுமதியோடு வாங்கி இங்கே வையுங்கள். எங்கள் சுவரில் ஒரு பாட்டியின் சுருக்குப்பை இருந்தது. கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது.

1942 பிப்ரவரியில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரனும், மஜும்தார் தலைமையில், மெதுவாகப் பறக்கும் லைசாண்டர் விமானங்களோடு இதே டாங்கூவில் இருந்தது. அவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

படி 6: இறந்தவர்களின் பட்டியல்

இதுதான் நேரம் பிடிக்கும் வேலை. சண்டையில் இறந்தவர்களை மட்டும் போட்டால் பாதிப் பட்டியல்தான் வரும். முதலில் இறந்த மூன்று பேரும் ஒரு எதிரியைக்கூடப் பார்க்கவில்லை: ஜான் ஆம்ஸ்ட்ராங், மாக்ஸ் ஹாமர், பீட்டர் அட்கின்சன். 1941 செப்டம்பர், அக்டோபரில் டாங்கூவில் பயிற்சியின்போதே இறந்தார்கள். அங்கே தேவாலயக் கல்லறையில் புதைத்தார்கள். போர் முடிந்து தோண்டி எடுத்து, வங்காளத்தில் பாரக்பூருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஹவாய்க்கு. அதற்குள் யார் யார் என்று அடையாளம் காண முடியவில்லை. ஹொனலுலுவில் 'பெயர் தெரியாதவர்' என்று அடக்கம் செய்தார்கள். மரபணுச் சோதனையில் 2016இல்தான் மூவரும் யாரென்று தெரிந்தது. அதன் பிறகு சொந்த ஊருக்குப் போனார்கள். நான் இதை ஒரு வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினேன்: டாங்கூ, பாரக்பூர், ஹொனலுலு, வீடு. 75 வருடப் பயணம்.

தரைப் பணியாளர் என்றால் பத்திரமான வேலை என்று நினைப்பவர்களுக்கு மாக்வே பெயரைச் சொல்லுங்கள். 1942 மார்ச் 21இல் அந்த பர்மா விமானத்தளத்தின் மீது ஜப்பானியர் பெரும் தாக்குதல் நடத்தினார்கள். குரூ சீஃப் ஜான் ஃபாத் தரையில் குண்டுக் காயம்பட்டு இறந்தார். விமானி ஃபிராங்க் ஸ்வார்ட்ஸுக்கும் அதே தாக்குதலில், அதே தரையில் காயம். இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஏப்ரலில் பூனாவில் உயிர்விட்டார். பட்டியலில் இருவரையும் அடுத்தடுத்து எழுதினேன்.

பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். பதவி வரிசை வேண்டாம், வீழ்த்திய எண்ணிக்கை வரிசை வேண்டவே வேண்டாம். தமிழில் எழுதும்போது ஒலியைக் கேட்டு எழுதுங்கள்; ஷெனால்ட்டை 'சென்னால்ட்' என்று போட்ட பலகையை நான் அச்சகத்திலிருந்து திருப்பி வாங்கியிருக்கிறேன்.

படி 7: பக்கத்தில் இருக்கும் கல்லறைக்கு ஒருமுறை போங்கள்

சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்ச் சமாதிகளைச் சேர்க்க 1952இல் அமைத்தது; 850க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த அமெரிக்கர்கள் அதில் இல்லை. ஆனால் விமானப்படைச் சின்னம் செதுக்கிய கற்களைப் பார்க்கலாம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் கல்லறைப் பெயரைக் கொடுத்துப் படை வாரியாகத் தேடினால் பட்டியல் வரும். பலருக்கு நேராக 'தன்னார்வ ரிசர்வ்' என்று இருக்கும். அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்: போர்க்காலத்தில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பிரிவில்தான் பதிவானார்கள். ஆனால் பறக்கும் பணிக்கு மட்டும் பிரிட்டிஷ் விமானப்படை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதில் இருந்தவர்கள் அனைவரும் கேட்டுப் போனவர்கள்.

வெயிலுக்கு முன் போங்கள். கல்லின் மேல் கையை ஊன்றிப் படம் எடுக்க வேண்டாம், பூவைக் கல்லடியில் வையுங்கள். மாணவர்களோடு போனால் ஆளுக்கு ஒரு கல் கொடுத்து, பெயர், வயது, குடும்பத்தார் கடைசியில் செதுக்கிய வரி ஆகியவற்றைக் குறித்து வரச் சொல்லுங்கள். வயதை எழுதும்போதே பேச்சு நின்றுவிடும்.

படி 8: நிகழ்ச்சி நாள்

டிசம்பர் 20 அல்லது ஜூலை 4. நம் பள்ளிகளுக்கு ஜூலைதான் வசதி. தலைமையுரை, பொன்னாடை, நினைவுப்பரிசு எல்லாம் இருக்கட்டும், ஆனால் பெயர் வாசிப்புக்குப் பிறகு. வாசிக்கும்போது 'விமானி', 'மெக்கானிக்' என்று முன்னால் ஒட்ட வேண்டாம், பெயர் மட்டும். மொபைலில் சோக இசை வேண்டாம். எதிரில் பறந்து இறந்த ஜப்பானியர்களும் இருபது சொச்சம் வயதுக்காரர்கள் என்பதை வாசிப்பவர் ஒரு வரியில் சொல்லட்டும்; அதைச் சொல்லலாமா என்று ஒரு ஆசிரியர் தயங்கினார், சொன்ன பிறகு யாரும் எதிர்க்கவில்லை.

கடைசிப் பலகையில் இரண்டே தேதிகள் வைத்தேன். 1991: இவர்கள் அனைவரும் போர் வீரர்களே என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்புக்கொண்ட ஆண்டு. 1996 டிசம்பர்: விமானிகளுக்கு டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ், தரைப் பணியாளர்களுக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்த மாதம். கலைந்து 54 ஆண்டுகள் கழித்து. அதன் கீழே ஒரு படம்: மூன்றாவது ஸ்குவாட்ரனின் குரூ சீஃப் ஃபிராங்க் லோசான்ஸ்கி. அந்தக் குழுவில் கடைசியாக உயிரோடு இருந்தவர் ஒரு விமானி அல்ல, இவர்தான். 2020இல் 99 வயதில் இறந்தார்.

பெரியவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன், வந்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. மூக்கிலிருந்து போன நூலைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பையனிடம் புரொபெல்லருக்கு நடுவே குண்டு எப்படிப் போகும் என்று விளக்க ஆரம்பித்தார். நூலகத்தை மூடும் நேரம் ஆகியும் முடிக்கவில்லை.